1976-ல டாக்டர் வி கையில என்ன இருப்பு இருந்துச்சு

எங்க அக்கா வீட்டுக்காரர், நான் மாமான்னு கூப்பிடுறவர், மின்வாரியத்துல லைன்மேனா இருந்து போன மாசம் ரிட்டயர் ஆனாரு. மாலை சால்வை எல்லாம் போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்து, வேன் வச்சு வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு வாரம் நல்லா தூங்குனாரு. எட்டாவது நாள் எனக்கு போன். "மாப்ள, தோட்டத்து மோட்டாரெல்லாம் இடத்துக்கே போய் ரிப்பேர் பாத்துக் குடுக்கலாம்னு ஒரு யோசனை இருக்குய்யா, ஆனா நமக்கு என்ன தெரியும், கம்பத்துல ஏறத் தெரியும், ஃப்யூஸ் கட்டத் தெரியும், இதை வச்சு என்னத்த ஆரம்பிக்கிறது"ன்னாரு.

நான் உடனே பதில் சொல்லல. ஏன்னா இதே மதுரையில, இதே மாதிரி அரசாங்க வேலையில இருந்து 58 வயசுல ரிட்டயர் ஆன ஒருத்தர் ஆரம்பிச்ச விஷயம் ஒண்ணு மண்டைக்குள்ள ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருந்துச்சு. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, எல்லாரும் டாக்டர் வின்னு சொல்றவரு, அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சவரு. அவரைப் பத்தி எழுதுறவங்க முக்காவாசிப் பேரு கடைசியில இருந்துதான் ஆரம்பிப்பாங்க, உலகத்துலயே பெரிய கண் ஆஸ்பத்திரி குழுமங்கள்ல ஒண்ணு, ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல 1993-லயே பாடம் நடத்துறதுக்கு கேஸ் ஸ்டடி எழுதிட்டாங்க, இப்படி. அதைப் படிச்சா நமக்கு மலைப்பு வரும், மாமாவுக்கு ஒரு உபயோகமும் இல்ல. அதனால நான் அவரு ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச 1976-லயே நின்னு, அன்னைக்கு அந்த மனுசன் கையில என்ன இருந்துச்சு, என்ன இல்லைன்னு மளிகைக் கடையில ஸ்டாக் எடுக்குற மாதிரி எடுத்துப் பாக்கப் போறேன்.

முதல்ல ஆள் யாருன்னு. 1918-ல எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம்னு ஒரு கரிசக்காட்டு ஊர்ல விவசாயக் குடும்பத்துல பொறந்தவரு. மதுரை அமெரிக்கன் காலேஜ்ல கெமிஸ்ட்ரி, அப்புறம் சென்னை ஸ்டான்லியில மருத்துவம், 1944-ல முடிச்சாரு. ஆசைப்பட்டது பிரசவ டாக்டர் ஆகணும்னு, சொந்தத்துல பொண்ணுங்க பிரசவத்துல செத்ததைச் சின்ன வயசுலயே பாத்துருக்காரு. படிச்சு முடிச்சதும் ராணுவ மருத்துவப் பிரிவுக்குப் போனாரு. அங்க இருக்கும்போது முடக்குவாதம் அடிச்சுப் போட்டுருச்சு. லேசா இல்ல, வருசக்கணக்குல படுக்கை, விரலெல்லாம் திருகிப் போயி பேனாவைக் கூடப் பிடிக்க முடியாத நிலைமை. பிரசவம் பாக்குற கனவு அத்தோட போச்சு.

இங்க கொஞ்சம் நிக்கணும். நம்மள யாராவது உன் திறமையெல்லாம் பட்டியல் போடுன்னா என்ன எழுதுவோம்? நல்லா வர்றதை மட்டும் எழுதுவோம். திருகுன விரலை யாராவது திறமைங்கிற தலைப்புல எழுதுவாங்களா? ஆனா அந்த விரலை வச்சுக்கிட்டுத்தான் அவரு கண் மருத்துவத்துக்கு மாறுனாரு, 1951-ல டிப்ளமோ, அடுத்து எம்எஸ். கண் ஆபரேஷன்னா தலைமுடி அகல வித்தியாசத்துல கத்தி போற வேலை. ஒவ்வொரு விரலா பழக்கி, தன் கைக்கு ஏத்த மாதிரி கருவிங்களை செஞ்சு வாங்கி, கண்புரை ஆபரேஷனை கத்துக்கிட்டாரு. வாழ்நாள்ல ஒரு லட்சத்துக்கு மேல ஆபரேஷன் பண்ணாருன்னு கணக்கு.

இதை "தன்னம்பிக்கை இருந்தா எதையும் சாதிக்கலாம்"ங்கிற காலண்டர் வாசகமா படிக்கிறது எனக்குப் பிடிக்காது. அந்தக் கை அவருக்கு வேற ஒண்ணைக் குடுத்துச்சுன்னு தோணுது. ஒரு ஆபரேஷன்ல எந்த அசைவு கட்டாயம் வேணும், எதை விட்டுடலாம்னு மத்த சர்ஜன்களை விட அவருக்கு நல்லா தெரிஞ்சிருக்கணும், ஏன்னா வேண்டாத ஒரு அசைவு அவருக்கு வலி. பின்னாடி அரவிந்த்ல ஒரு சர்ஜன் ரெண்டு டேபிளுக்கு நடுவுல உக்காந்து, ஒரு நோயாளிக்கு முடிக்கும்போதே பக்கத்து டேபிள்ல அடுத்தவர் தயாரா இருக்க, மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு அடுத்ததை ஆரம்பிக்கிற முறை வந்துச்சு. அதோட வேர் இந்தக் கையில இருக்குன்னு எங்கயும் எழுதி வைக்கல, இது என் ஊகம்தான்.

அடுத்தது வேலை. 1956-ல மதுரை மெடிக்கல் காலேஜ்ல கண் மருத்துவத் துறைத் தலைவரா வந்தாரு. அதுல இருந்து ரிட்டயர்மென்ட் வரைக்கும் 20 வருசம். இந்த 20 வருசத்தைத்தான் எல்லாரும் ரெண்டு வரியில தாண்டிப் போயிடுறாங்க, என்னைக் கேட்டா மொத்தக் கேஸும் இதுக்குள்ளதான் இருக்கு.

அறுபதுகள்லயே அவரு கிராமங்களுக்கு கண் கேம்ப் கொண்டு போக ஆரம்பிச்சுட்டாரு. அந்தக் காலத்துக் கேம்ப் எப்படின்னா, ஒரு ஸ்கூல் லீவு நாளாப் பாத்து, பெஞ்சையெல்லாம் ஓரமா தள்ளிப் போட்டு, கிளாஸ் ரூமையே ஆபரேஷன் தியேட்டர் ஆக்கி, முடிஞ்சவங்களை அடுத்த கிளாஸ் ரூம்ல பாயைப் போட்டுப் படுக்க வைக்கிறது. இது நடக்கணும்னா யார் யாரெல்லாம் வேணும் பாருங்க. ஸ்கூலைத் திறந்து விட ஹெட்மாஸ்டர். சோத்துக்கு அரிசி குடுக்க ஊர்ப் பெரிய மனுசன் ஒருத்தர், இல்லைன்னா மில் ஓனர். தண்டோரா போட, நோட்டீஸ் அடிக்க லயன்ஸ் கிளப்போ ரோட்டரியோ. பர்மிஷனுக்கு கலெக்டர் ஆபீஸ். இதெல்லாம் போக, "வயசானா கண்ணு தெரியாமத்தான் போகும், அதுக்கு என்ன பண்றது"ன்னு திண்ணையில உக்காந்துருக்குற கிழவியை கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர ஒரு பேரன். 

வருசக்கணக்குல இதைப் பண்ணுன ஒரு ஆளுக்கு தென் மாவட்டங்கள்ல எத்தனை ஊர்ல எத்தனை ஹெட்மாஸ்டரைத் தெரிஞ்சிருக்கும்! இதை அவரு எங்கயும் நோட்டுப் போட்டு சேத்து வைக்கல, வேலை செய்யச் செய்ய தானா சேந்தது. இப்ப நெட்வொர்க்கிங்னு சொல்லி ஹோட்டல்ல மீட்டிங் போட்டு விசிட்டிங் கார்டு மாத்திக்கிறோமே, வீட்டுக்கு வந்து பாத்தா அந்தக் கார்டுல உள்ள மூஞ்சியே ஞாபகம் இருக்காது. நாம ஏதோ ஒண்ணு செஞ்சு குடுத்து, அதை வாங்கிக்கிட்ட ஆளு நம்ம பேரைச் சொன்னதும் எந்திரிச்சு வர்றாரு பாருங்க, அதைத்தான் தொடர்புன்னு எழுதணும். அம்மாவுக்குப் பார்வை வந்த மகன் மறக்க மாட்டான்.

வெளிநாட்டுத் தொடர்பும் இதே வழியிலதான் வந்துச்சு. பிரிட்டன்ல பார்வையற்றவங்களுக்கான காமன்வெல்த் சங்கத்தை ஆரம்பிச்ச சர் ஜான் வில்சன், அவருக்கே பார்வை கிடையாது, அவரோட இவருக்குப் பழக்கம். பெரியம்மை ஒழிப்புல வேலை பாத்த ஆளுங்க சேந்து 1978-ல சேவான்னு ஒரு அமைப்பு அமெரிக்காவுல ஆரம்பிச்சப்போ அதோட ஆரம்ப ஆளுங்கள்ல இவரும் ஒருத்தர். 1973-லயே பத்மஸ்ரீ வேற வந்துருச்சு. வேலை பேசுனதைக் கேட்டு வந்தவங்க இவங்க எல்லாம்.

இப்ப குடும்பம். இதை நிதானமா பாக்கணும், ஏன்னா இந்தக் கேஸைக் கேட்டதும் பாதிப் பேரு சொல்ற முதல் வார்த்தையே "அவருக்கென்னங்க, வீட்லயே டாக்டருங்க இருந்தாங்க"ங்கிறதுதான். உண்மைதான். கடைசித் தங்கச்சி டாக்டர் நாச்சியார், கண் டாக்டர். அவங்க வீட்டுக்காரர் டாக்டர் நம்பெருமாள்சாமி, விழித்திரை ஸ்பெஷலிஸ்ட். நம்பெருமாள்சாமியோட தங்கச்சி டாக்டர் விஜயலட்சுமி, அவங்க வீட்டுக்காரர் டாக்டர் எம். சீனிவாசன், ரெண்டு பேரும் கண் டாக்டருங்க. தம்பி ஜி. சீனிவாசன் கட்டடம், கணக்கு வழக்கு தெரிஞ்ச ஆளு. ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இதை விட என்ன வேணும்னு தோணும்.

ஆனா இவங்க எல்லாம் வானத்துல இருந்து குதிக்கல. அஞ்சு பிள்ளைங்கள்ல இவருதான் மூத்தவரு. அப்பா போனதுக்கப்புறம் குடும்பத்தையே இவருதான் தூக்கி நிறுத்துனாரு. கல்யாணம் பண்ணிக்கல. தம்பி தங்கச்சிங்களைப் படிக்க வச்சு, கல்யாணம் காட்சி பண்ணி வச்சு, நாச்சியாரை மருத்துவத்துக்கு அனுப்புனதும் இவருதான். தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் அமெரிக்காவுல பயிற்சி வாங்க வழி பண்ணுனதும் இவருதான். கால் நூற்றாண்டு இப்படிப் போட்டுருக்காரு. அதனால 1976-ல அவரு "வாங்க, ஆஸ்பத்திரி ஆரம்பிக்கலாம்"னு சொன்னப்போ அது ஒரு அண்ணன் கேட்டது மட்டும் இல்ல, அப்பா ஸ்தானத்துல இருந்த ஒருத்தர் கேட்டது. அதைத் தட்டுறது லேசான காரியமா?

இங்கதான் எனக்கு ஒரு உறுத்தல். தங்கச்சியும் மாப்பிள்ளையும் நல்ல அரசாங்க வேலையில இருந்தவங்க, சின்னப் பிள்ளைங்க இருக்குற வீடு. வெளியில கிளினிக் போட்டா நல்லா சம்பாதிக்கலாம். அதையெல்லாம் விட்டுட்டு கம்மி சம்பளம், ராத்திரி பகல் வேலைன்னு வந்தாங்க, ஆரம்பத்துல ரொம்பத் தயங்குனாங்க, வருசக்கணக்குல கஷ்டப்பட்டாங்க. தொடர்புங்கிறது நாம எடுத்துக்கிற ஒரு கணக்கு மட்டும் இல்ல, எதிர்ப்பக்கம் ஒருத்தர் பற்று எழுதிக்கிட்டு இருக்காங்க. டாக்டர் வியோட கதையில அந்தப் பற்று பெரும்பாலும் பொம்பளைங்க பேர்ல எழுதியிருக்குன்னு எனக்குத் தோணும். ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிட்டு வீட்டுக்கு வந்து உலையும் வச்சவங்க அவங்கதானே. அதுக்காக அவரைக் குறை சொல்லல, கேஸ் எழுதும்போது இந்த வரியை விட்டுட்டா அது பொய்க் கணக்கு ஆயிடும்.

சரி, இருப்பு இவ்வளவு. இல்லாதது என்ன?

காசு. சுத்தமா இல்ல. பேங்க்ல லோன் கேட்டா இல்லைன்னுட்டாங்க, 58 வயசு ஆளு, பாதிப் பேருக்கு இலவசமா பாக்கப் போறேங்கிறாரு, எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவாரு? அப்புறம் வீட்டை அடமானம் வச்சு, குடும்பத்துப் பொம்பளைங்க நகையெல்லாம் அடகுக்குப் போயி, மதுரையில 11 படுக்கையோட ஒரு வீட்ல ஆரம்பிச்சாங்க. வெறும் 11. அடுத்த வருசம் 30 படுக்கை சேத்தாங்க, அதுக்கடுத்த வருசம் இலவச நோயாளிங்களுக்குன்னு 70 படுக்கை, 1981-லதான் பெரிய ஆஸ்பத்திரின்னு சொல்ற மாதிரி ஒண்ணு எந்திரிச்சுச்சு. காசு வர வர ஒவ்வொரு தளமா கட்டுறது, தம்பி சீனிவாசன் செங்கல் சிமெண்ட்ல இருந்து தானே நின்னு பேரம் பேசி வாங்குறது. காசு குடுக்க முடிஞ்சவங்க குடுத்ததை வச்சு முடியாதவங்களுக்குப் பாத்தாங்க. இதைப் பெரிய பொருளாதாரத் தத்துவமா சொல்றாங்க, அன்னைக்கு அவங்களுக்கு வேற வழி இல்லைங்கிறதுதான் உண்மை.

ஆளும் இல்ல. டாக்டர்கள் அஞ்சாறு பேரை வச்சு எத்தனை கண்ணைத் திறக்க முடியும்? நர்ஸ் படிச்சவங்க இந்தக் கம்மி சம்பளத்துக்கு நிக்க மாட்டாங்க. அப்பத்தான் அந்த ஹெட்மாஸ்டர், பெரிய மனுசன் தொடர்பெல்லாம் வேற விதத்துல வேலைக்கு ஆச்சு. விவசாயக் குடும்பத்துல ஸ்கூல் படிப்பு முடிச்சுட்டு அடுத்து கல்யாணம்தான்னு உக்காந்துருக்குற 17, 18 வயசுப் பொண்ணுங்களை எடுத்து ரெண்டு வருசம் பயிற்சி குடுத்து, பார்வை அளக்குறது, கண்ணாடி பவர் பாக்குறது, ஆபரேஷனுக்கு முன்னாடி தயார் பண்றது, பயந்துக்கிட்டு இருக்குற கிழவிகிட்ட உக்காந்து பேசுறது, எல்லாம் அவங்க கைக்குப் போச்சு. இன்னைக்கும் அரவிந்த்துக்குள்ள போனா சேலையைக் கட்டிக்கிட்டு விறுவிறுன்னு நடக்குற சிஸ்டருங்கதான் கண்ணுல படுவாங்க, டாக்டரை நாம பாக்குறது அஞ்சு நிமிசம்தான். யோசிச்சுப் பாருங்க, எழுபதுகள்ல, எண்பதுகள்ல ஒரு கிராமத்து அப்பன் வயசுக்கு வந்த பொண்ணை மதுரைக்கு ஹாஸ்டல்ல தங்க அனுப்புறான்னா அது விளம்பரத்தைப் பாத்தா? நம்ம ஊருக்கு கேம்ப் வந்த டாக்டருங்கிற நம்பிக்கையில. அந்த நம்பிக்கை எந்தப் பேலன்ஸ் ஷீட்லயும் வராது, ஆனா ஆஸ்பத்திரி ஓடுனதே அதுல.

நிர்வாகம் தெரிஞ்ச ஆளும் இல்ல. ஐஐஎம் கொல்கத்தாவுல படிச்சுட்டு வேலையில இருந்த ஆர்.டி. துளசிராஜ், குடும்பத்துல பொண்ணு கட்டுனவரு, 1981-ல அவரையும் இழுத்துப் போட்டாச்சு. மறுபடியும் குடும்பம். (எங்க சொந்தத்துல யாராவது ஐஐஎம் படிச்சிருந்தா அவரு எங்க போனையே எடுக்க மாட்டாரு, அது வேற கதை.)

லென்ஸ் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆரம்பத்துல புரை எடுத்தா சோடாபுட்டி கண்ணாடிதான். எங்க அப்பத்தா போட்டுருந்துச்சு, அதைக் கழட்டி வச்சா ஆளே தடுமாறிடும், ஒரு தடவை கண்ணாடி மேலயே உக்காந்து அதை உடைச்சுட்டு ரெண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியாம அழுதுச்சு. எண்பதுகள்ல கண்ணுக்குள்ளயே வைக்கிற லென்ஸ் வந்துச்சு, ஆனா இம்போர்ட், கொள்ளை விலை. காசு குடுக்குறவங்களுக்கு லென்ஸ், இலவசத்துல வர்றவங்களுக்கு சோடாபுட்டின்னு ஆயிருச்சு. டாக்டர் விக்கு இது பொறுக்கல. லென்ஸ் செய்யத் தெரியாது, ஃபேக்டரி கிடையாது, இந்தியாவுல அதெல்லாம் முடியாதுன்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. ஆனா சேவா ஆளுங்களைத் தெரியும். அங்க இருந்த டேவிட் கிரீன்னு ஒருத்தர் தொழில்நுட்பம் எங்க கிடைக்கும்னு அலைஞ்சு கண்டுபிடிக்க, 1992-ல மதுரையிலயே ஆரோலேப் ஆரம்பிச்சு லென்ஸ் செய்ய ஆரம்பிச்சாங்க, பத்து டாலர் கிட்ட விலை, இம்போர்ட் லென்ஸ் அதைப் போல பல மடங்கு. ஆஸ்பத்திரி ஆரம்பிச்சு 16 வருசம் கழிச்சு! 1976-ல அவரு எழுதியிருக்கக்கூடிய பட்டியல்ல இந்த லென்ஸ் வந்தே இருக்காது. இருப்புங்கிறது ஒரு தடவை எடுத்து பீரோவுல பூட்டி வைக்கிற சமாச்சாரம் இல்லைன்னு மாமாகிட்ட இதை வச்சுத்தான் சொன்னேன்.

பர்கர் கதையையும் சொல்லாம விட்டா யாராவது வந்து கேப்பீங்க. அமெரிக்காவுல மெக்டொனால்ட்ஸைப் பாத்துட்டு, பர்கரை ஊர் ஊருக்கு ஒரே தரத்துல குடுக்க முடியும்னா கண் ஆபரேஷனை ஏன் குடுக்க முடியாதுன்னு அவரு கேட்டது ரொம்பப் பிரபலம். மேனேஜ்மென்ட் வாத்தியாருங்களுக்கு இது அல்வா. என் அபிப்பிராயம், இதுக்கு இருக்குற மரியாதை கொஞ்சம் ஓவர். மெக்டொனால்ட்ஸை கோடிக்கணக்கான பேரு பாத்தாங்க, அங்க போயி நின்ன இந்திய டாக்டருங்களே ஆயிரக்கணக்குல இருப்பாங்க. அதைப் பாத்ததும் வடமலாபுரத்துக் கிழவி ஞாபகம் வர்றதுக்கு கேம்ப்ல வருசக்கணக்குல குனிஞ்சு நின்ன முதுகு வேணும். கைமுதல் இருக்குறவனுக்குத்தான் ஐடியா ஒட்டும்.

இந்தக் கைமுதல் கணக்கை ஒரு ஆராய்ச்சியாவே பண்ணுனவங்க இருக்காங்க, சரஸ் சரஸ்வதின்னு அமெரிக்காவுல வர்ஜீனியா யூனிவர்சிட்டியில பேராசிரியை. தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்ட 27 பேரை உக்கார வச்சு அவங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு பாத்து 2001-ல எழுதுனாங்க. அவங்க சொல்றதுல மூணு கேள்வி முக்கியம், நான் யாரு, எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும். இலக்கை முதல்ல வச்சுட்டு சாமான் தேடி அலையாம, வீட்ல இருக்குற சாமானைப் பாத்து என்ன சமைக்கலாம்னு யோசிக்கிறது. நம்ம வீட்டு அம்மாக்கள் மாசக் கடைசியில தினமும் பண்றதுதான். ஆனா டாக்டர் வி கேஸுக்கு இது முழுசா பொருந்தாது. அவருக்கு இலக்கு முதல்லயே இருந்துச்சு, தேவையில்லாம யாரும் குருடாகக் கூடாதுங்கிறது அசையவே இல்ல. மாறிக்கிட்டே இருந்தது அதுக்குப் போற வழிதான். இலக்கு இருந்ததாலதான் எது இருப்புன்னே தெரிஞ்சுச்சு. அதே ஆளு பிரைவேட் கிளினிக் போடணும்னு நெனச்சிருந்தா அந்த ஹெட்மாஸ்டருங்க பட்டியல் எதுக்கு ஆகும்? வெறும் பழைய நெனப்புதான். 

இப்ப மாமாகிட்ட வர்றேன். ஞாயித்துக்கிழமை உசிலம்பட்டிக்குப் போயி, தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளையெல்லாம் அக்கா சேத்து வச்சிருக்கும், அதோட பின்பக்கத்துல எழுத உக்காந்தோம். தெரிஞ்ச வேலைன்னு கேட்டா மனுசன் மறுபடியும் கம்பத்துலயே ஏறுறாரு. நான் வேற மாதிரி கேட்டேன், "மாமா, ஒரு தோட்டத்துல மோட்டார் ஓடலன்னா நீங்க போனதும் முதல்ல என்ன பண்ணுவீங்க?" அவ்வளவுதான், அருவி மாதிரி கொட்டுனாரு. கிட்டப் போக வேண்டாம்யா, வரப்புல நிக்கும்போதே உறுமுற சத்தத்துல ஒரு ஃபேஸ் வரலைன்னு தெரிஞ்சுரும். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தா கருகுன வாடை எந்தப் பக்கம்னு பாக்கணும். கெப்பாசிட்டர் வயிறு உப்பியிருக்கான்னு பாக்கணும். பாதி தோட்டத்துல மோட்டார்ல கோளாறே இருக்காது, கேபிள் ஜாயின்ட்ல தண்ணி இறங்கியிருக்கும், அது தெரியாம மோட்டாரை மேல தூக்கி ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டு உக்காந்துருப்பாங்க. நான் எழுத எழுத அவரே தாளை எட்டிப் பாத்து, "இதெல்லாமா எழுதுவாங்க?"ன்னாரு.

தெரியாத வேலைன்னு ரெண்டுதான் வந்துச்சு, ஆனா ரெண்டும் பெருசு. காயில் கட்டத் தெரியாது. போர்ல இருந்து சப்மெர்சிபிளை மேல தூக்க ஆளும் வண்டியும் கிடையாது. 

யாரைத் தெரியும்னு கேட்டதும் "ஊர்ல எல்லாரையும் தெரியும்"னாரு, அது பதிலே இல்ல. அப்பத்தான் அக்கா உள்ள போயி ஒரு பழைய டைரியைக் கொண்டாந்து போட்டுச்சு, எண்ணெய்க் கறையும் ஓரமெல்லாம் கரையான் அரிச்சதுமா. ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பேரு, அதுக்குக் கீழ அதுல ஓடுற தோட்டக்காரங்க பேரு, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில சிவப்பு மையில ஒரே ஒரு நம்பர். அது என்ன மாமான்னா, ராத்திரி லைன் அறுந்து கிடந்தா போன் பண்ணுனதும் எந்திரிச்சுப் போயி பக்கத்துல யாரையும் விடாம நிக்கிற ஆளாம். எண்ணிப் பாத்தோம், 23 டிரான்ஸ்ஃபார்மர், 23 சிவப்பு நம்பர். நடுராத்திரியில அவருக்காக எந்திரிச்ச 23 பேரு, ஊருக்கு ஒருத்தர். இதை அவரு பரண்ல போட்டு வச்சிருந்தாரு!

அதுல ஒருத்தர் செல்லம்பட்டி பக்கம் காயில் கட்டுற கடை வச்சிருக்காரு. மாமா அப்பவே போன் போட்டாரு, மோட்டாரை நான் கழட்டிக் கொண்டாறேன், நீ கட்டிக் குடு, கூலியை அப்பப்ப வாங்கிக்கன்னு. அந்தப் பக்கம் "வாங்கண்ணே, எப்ப வர்றீங்க"ன்னதோட பேச்சு முடிஞ்சுச்சு. தூக்குற வண்டிக்குத்தான் இன்னும் ஆளு சிக்கல. அது வரைக்கும் கிணத்து மோட்டாரும் ஸ்டார்ட்டர் வேலையும் மட்டும் பாப்போம்னு முடிவு. மெக்கர், கிளாம்ப் மீட்டர்னு கரண்ட்டைச் சோதிக்கிற கருவி ரெண்டு, பழைய டிவிஎஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு இரும்புப் பெட்டி, மொத்தம் 60,000 ரூபாய்க்கு மேல ஒரு பைசா போடுறதில்ல, அது போனாலும் பென்ஷன்ல சமாளிக்கலாம்.

நான் இன்னொரு தாளை எடுத்து "கோபக்காரங்க"ன்னு தலைப்புப் போட்டேன். மாமாவுக்கு முகம் சுருங்கிருச்சு. முப்பது வருசம் லைன்மேனா இருந்தவருக்கு அது இல்லாம இருக்குமா, பில்லு கட்டலைன்னு ஃப்யூஸைப் பிடுங்குன வீடு எத்தனை, அதுல ஒருத்தர் வீட்ல மறுநாள் காதுகுத்து வேற. டாக்டர் விக்கு ஊருக்கு ஊரு நல்ல பேரு, மாமாவுக்கு ஊருக்கு ரெண்டு சண்டை. நாலு பேரை எழுதுனாரு. அதுல மூணு பேரு ஒரே டிரான்ஸ்ஃபார்மர், அப்ப அந்தப் பக்கம் முதல்ல போக வேண்டாம், இல்லைன்னா முதல்ல அங்கதான் போகணும், இதுல எங்களுக்குள்ள இன்னும் ஒத்து வரல.

எல்லாம் எழுதி முடிச்சு, டாக்டர் வி வீட்டுப் பொம்பளைங்க நகையெல்லாம் அடகுக்குப் போன கதையையும் சொல்லிக்கிட்டு இருந்தேன். மாமா பேனாவைத் திருகிக்கிட்டே குரலைத் தாழ்த்தி, "மாப்ள, இந்த அறுபதாயிரத்தைப் பத்தி உங்க அக்காகிட்ட இன்னும் சொல்லல, அவ பேரையும் கோபக்காரங்கள்ல எழுதிக்கவா?"ன்னாரு.

அடுப்படியில இருந்து அக்கா குரல் மட்டும் வந்துச்சு. "காசுக்கு எழுத வேணாம். நகையைக் கேட்டா எழுதிக்கங்க."